கட்டைவிரலை நம்பாதீர்கள்

ரசாயனப் பாதுகாப்பு உடையில் வீரர்களை உள்ளே அனுப்பும் தளபதிகளுக்கும், அவர்களுக்குக் கருவி வாங்கிக் கொடுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் படையில் மருத்துவ உதவியாளராக இருந்தவன். விஷவாயுவோ கதிர்வீச்சோ நோய்க்கிருமியோ, எது கசிந்திருக்கிறது என்றே தெரியாத இடத்துக்குள் முதலில் போகிற குழுவோடு பல வருடம் வேலை செய்தேன். உள்ளே போகிறவர்களுக்கு நாடி பார்த்து அனுப்புவது, வெளியே வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது, யாராவது விழுந்தால் தூக்குவது, இதுதான் என் வேலை. சூட் போட்டுக்கொண்டு நானும் உள்ளே போயிருக்கிறேன். வீரர்களின் உடம்பில் கட்டுகிற கண்காணிப்புக் கருவிகளை வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று இப்போது பல படைகளில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் என் அனுபவமும் உங்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு பயிற்சி நாளை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் படை, எந்த முகாம் என்பது இங்கே வேண்டாம். நான்கு பேர் ஒரு கட்டடத்துக்குள் போய் மாதிரி எடுத்து வர வேண்டும். மூடிய சூட், முகமூடி, இரண்டு அடுக்குக் கையுறை, ரப்பர் பூட்ஸ், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் டேப். இந்த வெயிலில் எவ்வளவு நேரம் வேலை செய்யலாம் என்று சொல்லும் அட்டவணைப்படி நாற்பது நிமிடம் வேலை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் ஆபத்துப் பகுதியின் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை உயர்த்துவேன். அவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் நலம் என்று அர்த்தம். அவர்களில் ஒரு தம்பி முதல் இரண்டு முறையும் காட்டினான். நன்றாக, நேராக, கையை முழுக்க நீட்டிக் காட்டினான். மூன்றாவது முறை நான் கையைத் தூக்குவதற்கு முன்பே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மணிக்கட்டில் சுற்றியிருந்த டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. நிஜமான விஷவாயு இருக்கிற இடத்தில் ஒருவன் தன் கையுறையைத் தானே கழற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இழுத்து வந்து, சூட்டைக் கத்தரியால் வெட்டி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினோம். ஆசனவாய் வழியாக எடுத்த வெப்பநிலை 40.4 டிகிரி செல்சியஸ். பிழைத்துக்கொண்டான். தொட்டி பக்கத்திலேயே தயாராக இருந்ததால் பிழைத்தான். அப்புறம்தான் தெரிந்தது, அவனுக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அதோடு, உள்ளே போவதற்கு முன்பே சூட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் அரை மணி நேரம் நின்றிருந்தார்கள். அட்டவணையின் நாற்பது நிமிடத்தில் அந்த அரை மணி நேரம் சேர்த்தி இல்லை.

அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு கடிகாரம், ஒரு அட்டவணை, அவனுடைய கட்டைவிரல். இந்த மூன்றை வைத்துத்தான் அவன் நன்றாக இருக்கிறான் என்று முடிவு செய்தேன்.

இந்த உடைக்குள் உடம்புக்கு என்ன ஆகிறது என்பது எளிமையான கணக்கு. வேலை செய்கிற உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேலையாக மாறுகிறது. மீதியெல்லாம் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஓர் ஆள் ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியே விடுகிறார். பாரம் தூக்கிப் படியேறினால் அது 400, 500 என்று போகும். சாதாரணமாக வியர்வை இதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2.4 கிலோஜூல் சூட்டை எடுத்துப் போகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 600 வாட்டுக்கு மேலேயே வெளியேறிவிடும். ஆவியானால்தான். விஷம் உள்ளே வரக்கூடாது என்று தைத்த சூட் ஈரத்தையும் வெளியே விடாது. வியர்வை ஆவியாகாமல் வழிந்து பூட்ஸில் தேங்கி, நடக்கும்போது சளக் சளக் என்று சத்தம் போடும். கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் மாதிரிக் கொட்டும். உடம்பு நீரை இழக்கிறது, சூட்டை இழக்கவில்லை.

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பு ஒரு டிகிரி சூடாக ஏறக்குறைய 240 கிலோஜூல் போதும். 300 வாட் உள்ளேயே மாட்டிக்கொண்டால் பதின்மூன்று பதினான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37 டிகிரியில் ஆரம்பித்தவர் நாற்பது நிமிடத்தில் 40ஐத் தொடலாம். காய்ச்சலோடு ஆரம்பித்தவருக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடையாது. இதில் இன்னொன்றும் உண்டு. தோலும் உள்ளுறுப்புகளும் ஒரே சூட்டை நெருங்கும்போது, தோலைக் குளிர்விக்கவென்று இதயம் அனுப்புகிற ரத்தம் வெறுமனே சுற்றி வருகிறது. துடிப்பு ஏறுகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் போகிற ரத்தம் குறைகிறது. அதனால் சூட் போட்டவர்கள், சாதாரண உடையில் ஓடுகிறவர்களைவிடக் குறைந்த உள் வெப்பநிலையிலேயே, 38.5 சொச்சத்திலேயே முடியாமல் உட்கார்ந்துவிடுவதும் உண்டு.

இத்தனையும் நடக்கும்போது கட்டைவிரலைத் தூக்குவது எது? அதே சூட்டில் கொதித்துக்கொண்டிருக்கும் மூளைதான். நான் எப்படி இருக்கிறேன் என்று தன்னையே கேட்டுப் பதில் சொல்ல வேண்டிய உறுப்புதான் முதலில் தடுமாறுகிறது. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவனிடம் பிறகு கேட்டேன். இரண்டாவது முறை கட்டைவிரல் காட்டியதே அவனுக்கு நினைவில்லை.

அட்டவணை இருக்கிறதே என்பீர்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1950களில் அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் ஐலண்டு பயிற்சி முகாமில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வெயிலில் விழுந்துகொண்டே இருந்தபோதுதான், காற்றின் சூடு, ஈரப்பதம், வெயில், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் முறையை யாக்லோ, மினார்ட் என்ற ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் படைகளும் விளையாட்டு அமைப்புகளும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. ரசாயன உடை போட்டிருந்தால் அந்த எண்ணோடு லேசான வேலைக்கு 10 டிகிரி ஃபாரன்ஹீட், கடினமான வேலைக்கு 20 டிகிரி கூட்டிக்கொள் என்பது அமெரிக்க ராணுவத்தின் கணக்கு. அந்த அட்டவணைகள் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் அவை வானிலையைப் பார்த்து ஒரு சராசரி ஆளுக்கு எழுதியவை. ராத்திரி தூங்காதவர், வயிற்றுப்போக்கு வந்து நேற்றுதான் எழுந்தவர், குளிர்ப் பிரதேசத்திலிருந்து போன வாரம் வந்து இன்னும் வெயிலுக்குப் பழகாதவர் (பழக ஒன்று இரண்டு வாரமாவது ஆகும்), இவர்கள் யாரும் அந்தச் சராசரி ஆள் இல்லை. நரம்பு வாயுவுக்கு மாற்று மருந்தான அட்ரோபினை எடுத்துக்கொள்ளுங்கள். அது வியர்வையையே நிறுத்திவிடும். தப்பான எச்சரிக்கையை நம்பி ஒருவர் அதைத் தொடையில் குத்திக்கொண்டால், அதற்கப்புறம் அவர் உடம்பு எப்படிச் சூடேறும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

உடம்பில் கட்டும் கருவி இந்த இடத்தில்தான் உதவுகிறது. அது வானிலையைப் பார்க்காமல் அந்த ஆளைப் பார்க்கிறது. நெஞ்சில் ஒரு பட்டை. இதயத் துடிப்பு, தோலின் சூடு, அசைவு, சில பட்டைகளில் மூச்சும். எல்லாம் ரேடியோ வழியாக வெளியே ஒரு திரைக்கு வருகிறது. உள் வெப்பநிலையை நேரடியாகப் பார்க்க விழுங்கும் மாத்திரை உண்டு. 1980களில் நாசாவும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமும் சேர்ந்து உருவாக்கியது. உள்ளே சின்ன வெப்பமானியும் ரேடியோவும் இருக்கும். பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் அருமையான கருவி. ஆனால் சில மணி நேரம் முன்னாடியே விழுங்க வேண்டும். நடுராத்திரியில் அழைப்பு வந்து ஓடுகிற குழுவுக்கு அது தோதுப்படாது. அதனால்தான் துடிப்பை வைத்தே உள்ளே இருக்கும் சூட்டை மதிப்பிடும் கணக்கு முக்கியமாகிறது. 2013இல் அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மார்க் புல்லரும் கூட்டாளிகளும் அதை வெளியிட்டார்கள். நிமிடத்துக்கு நிமிடம் துடிப்பு எப்படிப் போகிறது என்பதைத் தொடர்ந்து பார்த்து, உள் வெப்பநிலை இந்நேரம் எங்கே இருக்கும் என்று அது சொல்லும். நூறில் தொண்ணூற்றைந்து மதிப்பீடுகள் உண்மையான அளவிலிருந்து 0.63 டிகிரிக்குள் இருந்தன. மருத்துவமனை வெப்பமானிக்கு இது ஈடாகாது. சுவரைப் பார்த்து நிற்கப் போகிறவனைப் பத்து நிமிடம் முன்னாடியே வெளியே கூப்பிட இது போதும்.

மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் போதாதா, விலை குறைவாயிற்றே என்று யாராவது கேட்பார்கள். நெஞ்சுப் பட்டைதான் வேண்டும். வெளிச்சத்தை வைத்துத் துடிப்பு பார்க்கும் கடிகாரங்கள் கை ஆடினால் தடுமாறும். இறுக்கமான கையுறை, டேப், வழியும் வியர்வை, ஸ்பேனர் பிடித்துத் திருகும் கை, எல்லாம் அதற்கு எதிரி. பட்டையிலும் பார்த்து வாங்க வேண்டியவை உண்டு. பெண் வீரர்களுக்குப் பொருந்துகிற அளவு வேண்டும், பல மணி நேரம் ஈரத்தில் உரசினாலும் தோல் புண்ணாகக் கூடாது, கான்கிரீட் சுவருக்குப் பின்னாலிருந்தும் சிக்னல் வர வேண்டும். சிக்னல் அறுந்தால் கடைசியாக வந்த நல்ல எண்ணையே திரை காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். துடிப்பு 112 என்ற பழைய எண் பச்சை நிறத்தில் நின்றுகொண்டிருந்தால் அது கட்டைவிரலைவிட மோசம்.

சரி, கருவி நல்லதாகவே வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான் இந்த மடலை எழுதியதே இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான். அந்தத் திரையை யார் பார்ப்பது? பார்த்தவர் சொன்னால் யார் கேட்பது?

1966 ஜூன் 5ஆம் தேதி ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து யூஜின் செர்னன் வெளியே வந்தார். கலத்தின் பின்பக்கம் போய், அங்கே இருந்த பறக்கும் கருவியை முதுகில் மாட்டிச் சோதிக்க வேண்டும். அவருடைய விண்வெளி உடையைக் குளிர்வித்தது வெறும் காற்றுதான். அவர் பட்ட பாட்டின் சூட்டை அது வெளியேற்றவில்லை. முகக் கண்ணாடி உள்ளே பனிபடர்ந்து கண் தெரியாமல் போயிற்று. துடிப்பு 180ஐத் தொட்டது. பூமியில் உட்கார்ந்திருந்த மருத்துவர்கள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மயங்கிவிடுவார் என்று பயந்தார்கள். கூடவே கலத்துக்குள் இருந்த தளபதி டாம் ஸ்டாஃபோர்ட் சோதனையை நிறுத்தி அவரை உள்ளே வரச் சொன்னார். அவ்வளவு செலவு செய்து கொண்டுபோன கருவி பறக்கவே இல்லை. செர்னன் உயிரோடு திரும்பினார். 1972இல் நிலவிலும் நடந்தார். அப்போது அவர் போட்டிருந்த சூட்டுக்குள் தண்ணீர்க் குழாய்கள் ஓடிய குளிர்விக்கும் உள்ளாடை இருந்தது. எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்தது, எண்ணைப் பார்க்க ஆள் இருந்ததும், வேலை முடியாவிட்டாலும் பரவாயில்லை, வா என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் அதைச் சொன்னதும்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2013 ஜூலையில் வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில், பிரிட்டிஷ் சிறப்புப் படைத் தேர்வுக்காகக் கடும் வெயிலில் மூட்டை சுமந்து நடந்தவர்களில் மூன்று ரிசர்வ் வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் ரசாயன உடை போட்டிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் இருக்குமிடத்தைக் காட்டும் கருவி இருந்தது. 2015இல் நடந்த மரண விசாரணையில், வீரர் நகராமல் கிடந்தது உரிய நேரத்தில் கவனிக்கப்படாமல் போன விஷயம் வெளியே வந்தது. தகவல் இருந்தது. அதைப் பார்த்து எழுந்து ஓட ஆள் இல்லை. அந்த மூன்று குடும்பங்களை நினைக்காமல் இந்தக் கருவிகளைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை.

அதனால் கருவி வாங்கும் அதே உத்தரவில் இதையும் எழுதுங்கள். திரைக்கு ஒரு ஆள். அவருக்கு வேறு வேலை கிடையாது. ரேடியோ பார்க்கவோ, வருகைப் பதிவு எழுதவோ, சிலிண்டர் எண்ணவோ அவரைக் கூப்பிடக் கூடாது. அவர் பெரும்பாலும் குழுவிலேயே பதவி குறைந்த மருத்துவ உதவியாளராகத்தான் இருப்பார். அவர் 'வெளியே' என்று சொன்னால் வெளியேதான். உள்ளே இருப்பவர் மேஜராக இருந்தாலும் சரி. இன்னும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று சொன்னாலும் சரி. முடிவை மாற்ற நினைக்கும் தளபதி தன் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாற்றட்டும். போரில் அப்படி மாற்ற வேண்டிய நேரம் வரலாம் என்பது எனக்கும் தெரியும். பயிற்சியில் அப்படி ஒரு நேரம் வராது.

எந்த எண்ணில் கூப்பிடுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 180இலிருந்து வயதைக் கழித்து வரும் துடிப்பு சில நிமிடம் இறங்காமல் நின்றால் நிறுத்து என்பது வெயிலில் வேலை செய்பவர்களுக்காகப் பழக்கத்தில் இருக்கும் ஒரு விதி. முப்பது வயதுக்காரருக்கு 150. துடிப்பையும் உள் வெப்பநிலையையும் சேர்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் முறையை 1998இல் மோரன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கொடுத்தார்கள். திரையில் பார்ப்பவருக்கு அது இன்னும் எளிது. எந்த விதியானாலும் முதல் சில மாதங்கள் உங்கள் வீரர்களோடு, உங்கள் சூட்டோடு ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள். படியேறும் ஒவ்வொருவருக்கும் மணி அடித்தால் இரண்டாவது வாரம் யாரும் மணியைக் கேட்கமாட்டார்கள். மணியின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. நாள் முழுக்கக் கத்திய மணி அவர்களை அப்படி ஆக்கியிருந்தது.

இன்னொரு விஷயம் இதைவிடக் கஷ்டமானது. அந்தத் தம்பி ஏன் காய்ச்சலைச் சொல்லவில்லை? குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். நாளைக்கு அவன் நெஞ்சில் பட்டையைக் கட்டுவீர்கள். அது தரும் எண்கள் எங்கே போகின்றன என்று அவன் யோசிப்பான். பதவி உயர்வுக் கோப்புக்குப் போகிறது, 'இவனுக்குத் தாங்கும் சக்தி குறைவு' என்று யாரோ எழுதுகிறார்கள் என்று ஒருமுறை தோன்றிவிட்டால் போதும். பட்டையைத் தளர்த்திக் கட்டுவார்கள், துடிப்பை உணரும் தொடுமுனையை நனைக்காமல் விடுவார்கள், பேட்டரி தீர்ந்துவிட்டது என்பார்கள். வீரர்கள் கெட்டிக்காரர்கள், எப்படி ஏமாற்றுவது என்று உங்களுக்கு முன்பாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது கோடிக்கணக்கில் செலவழித்தும் நாம் மறுபடியும் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

அதனால் அந்த எண்கள் மருத்துவப் பிரிவோடு நிற்க வேண்டும். தேர்வுக்கோ தண்டனைக்கோ மதிப்பீட்டுக்கோ போகாது என்று எழுத்தில் கொடுங்கள். வாய்மொழி உறுதி போதாது, தளபதிகள் மாறுவார்கள். வெளியே கூப்பிடப்பட்டவரை அடுத்த நாள் அணிவகுப்பில் யாராவது கேலி செய்தால் அதை முளையிலேயே கிள்ளுங்கள். அதுவும் உங்கள் வேலைதான்.

தகவல் எதிரி கைக்குப் போவது பற்றி நிபுணர்கள் உங்களுக்குச் சொல்வார்கள், நான் நீட்டவில்லை. ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓடுபாதைகள் வெளிச்சமாகத் தெரிந்ததும், 2018இல் அது செய்தியானதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடையில் வாங்கிய கருவியை அப்படியே கட்டிவிடாதீர்கள் என்பதற்கு அது போதும்.

அப்புறம், பட்டை வந்துவிட்டதே என்று ஐஸ் தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிடாதீர்கள். நான் நிஜமாகவே பயப்படுவது இதற்குத்தான். கருவி வந்ததும் பழைய ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். ஐஸ் எதற்கு, நிழல் கூடாரம் எதற்கு, இரண்டாவது உதவியாளர் எதற்கு என்று கேள்வி வரும். உள் வெப்பநிலை 40ஐத் தாண்டி மூளை குழம்பியவரை அரை மணி நேரத்துக்குள் குளிர்வித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அந்த இடத்திலேயே குளிர்வித்துவிட்டு, அதற்கப்புறம்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். பட்டையால் ஒரு டிகிரியைக்கூட இறக்க முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சிக்கு முன்னால் நீங்களே ஒருநாள் அந்த சூட்டைப் போடுங்கள். டேப் ஒட்டி, முகமூடி மாட்டி, பட்டை கட்டி, வெயிலில் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, உங்கள் வீரர்கள் தூக்கும் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுங்கள். வெளியே திரைக்கு முன்னால் உங்கள் பிரிவிலேயே வயதில் குறைந்த மருத்துவ உதவியாளரை உட்காரவையுங்கள். உங்கள் எண்கள் எல்லோருக்கும் தெரியட்டும். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளை 'சார், வெளியே வாங்க' என்று சொல்லும். எல்லோரும் பார்க்க, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் பழைய மருத்துவ உதவியாளன்